டீமேக்கர் புகை விட்ட கதை

கொழும்புக்குப் போன தேயிலையில் பன்னிரண்டு பெட்டி திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். ‘புகை வாடை’ என்று அதில் இரண்டே சொல்.

தோட்டத்தை நடத்தும் பெரியதொரை ஃபெக்டரியை ஒரு சுற்றுச் சுற்றினார். அடுப்பைத் திறந்து பார்த்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் டீமேக்கர் சிவஞானத்தின் முன்னால் வந்து நின்று மூச்சை இழுத்தார்.

“மெஷின்ல ஓட்டை இல்ல டீமேக்கர். ஓட்டை இங்க இருக்கு” என்று சிவஞானத்தின் வாயைக் காட்டினார். “ஒரு மாசம் டைம். இன்னொரு பெட்டி திரும்பினா குவார்ட்டர்ஸக் காலி பண்ணுங்க.”

புளிக்கப் போட்ட கொழுந்தின் பதத்தை மூக்கால் பார்த்துச் சொல்வது டீமேக்கரின் வேலை. சிவஞானம் அந்த மூக்குக்குக் கீழேயே ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஜெயலெட்சுமி அழவில்லை. வாசலில் பத்து வருஷமாக அவள் வளர்த்த ரோஜாப் பாத்தியை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அவள் கொன்வென்டில் படித்தவள். கல்யாணமான புதிதில் சிவஞானம் இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். பிற்பாடு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

“என்னங்க, நீங்க சிகரெட்ட விடுறீங்களா, நாம வீட்ட விடுவோமா?”

“நானே விடுறேன்.”

“எங்கிட்ட வேணாம். சாமிகிட்ட சொல்லுங்க.”

சூடம் கொளுத்தினாள். சிவஞானம் அதன் மேல் கையை நீட்டினார். “முருகா, இன்னையிலருந்து புகைய விடுறேன்.”

சொல்லி முடித்ததும் தம் புத்தியின் மேல் அவருக்கே ஒரு மரியாதை வந்தது. புகையை விடுவதென்றால் நிறுத்துவது. புகையை விடுவதென்றால் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியே விடுவது. இரண்டில் எது என்று முருகன் கேட்கவில்லை. ஜெயலெட்சுமிக்குக் கேட்கத் தோன்றவில்லை.

“ஆனா தனியா முடியாது லெட்சுமி. பக்கத்துல நின்னு பாத்துக்க ஆளு வேணும்னு டாக்டர் சொல்றாரு.”

“யாரு வேணும்?”

ஆட்கள் தயாராக இருந்தார்கள். ஒருவர் வீரய்யா கங்காணி, சுருட்டுக்காரர். மற்றவர் சந்தியில் கடை வைத்திருக்கும் ஸலீம் நானா, பீடிக்காரர். ஜெயலெட்சுமி இருவரையும் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்து, “அண்ணே, நானா, ஒங்கள நம்பித்தான் இவர விடுறேன்” என்றாள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடக்கம் என்று அவள் நினைத்திருக்கலாம்.

அன்று முதல் சாயந்தரமானால் துணைக்குழு வந்து சிவஞானத்தைக் காற்று வாங்க அழைத்துப் போகும். டர்பன்டைன் மரங்களுக்குப் பின்னால் மூன்று பேரும் மூன்று விதமாக ஒரு மணி நேரம் விடுவார்கள். திரும்பும்போது வாடை போக ஆளுக்கு நாலு கராம்பு மெல்லுவார்கள்.

பத்தாம் நாள் ஜெயலெட்சுமி துவைக்க எடுத்த சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

“என்னங்க, சாமிகிட்ட சொன்னது?”

“சொன்னா சொன்னதுதான். ஒரு நாள் தவறாம புகைய விடுறேன்.”

அவள் படித்த கொன்வென்டில் இரட்டுற மொழிதலை நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“நல்லது. ஞாயித்துக்கெழம கோழி அடிப்போம். தொணை நிக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க. சரியா ஒரு மணிக்கு சாப்பாட எடுத்து வைக்கிறேன்.”

“நெசமாவா?”

“சத்தியமா” என்று அவளும் சூடம் கொளுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிஸ்மி சொல்லிக் கோழியை அறுத்துக் கொடுத்தவரே ஸலீம் நானாதான். ஆகவே அதன் பருமன் அவருக்குத் தெரியும். ஒரு மணிக்கு மூன்று பேரும் மரங்களிடமிருந்து வேகமாக இறங்கி வந்தார்கள். குழம்பு வாசம் ரோஜாப் பாத்திவரை வந்து வரவேற்றது.

மேசை வெறுமையாக இருந்தது.

“சாப்பாடு எங்க லெட்சுமி?”

“எடுத்து வச்சிட்டேனே.”

மூலையில் கம்பிவலை போட்ட சாப்பாட்டு அலுமாரி. உள்ளே சோறு, கோழிக்குழம்பு, பொரித்த ஈரல், தயிர். வெளியே பூட்டு. சாவி ஜெயலெட்சுமியின் இடுப்பில்.

“இதென்ன வெளையாட்டு?”

“சொன்னா சொன்னதுதாங்க. நீங்க விட்டீங்க, நான் எடுத்து வச்சேன்.”

வீரய்யா கம்பிவலையில் மூக்கை வைத்தார். ஸலீம் நானா ஈரலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“சரி, இன்னையோட புகைய விட்டுடுறேன்” என்றார் சிவஞானம்.

“அதத்தான் மரத்தடியில விட்டுட்டு வாறீங்களே.”

“சரிம்மா, இனிமே புகை விடமாட்டேன்.”

“கேட்டீங்களா நானா, விடமாட்டாராம்.”

தமிழில் சிவஞானத்துக்கு வேறு வார்த்தை மிச்சமில்லை. அப்போதுதான் துணைக்குழு முதல்தடவையாக வேலையில் இறங்கியது. வீரய்யா அவருடைய சட்டைப்பைக்குள் கைவிட்டு சிகரெட் பெட்டியை எடுத்தார். ஸலீம் நானா அதை வாங்கி அடுப்பில் போட்டார்.

“நாளையிலருந்து இவர் வாய நானே மோந்து பாக்குறேன் தங்கச்சி” என்றார் நானா. “அலுமாரியத் தொறங்க.”

“அண்ணே?” என்று ஜெயலெட்சுமி வீரய்யாவைப் பார்த்தாள்.

“காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நிக்க வச்சு நானும் மோந்து பாக்குறேம்மா” என்றார் வீரய்யா.

பிறகு ஜெயலெட்சுமி சொல்லச் சொல்ல சிவஞானம் திருப்பிச் சொன்னார். “சிகரெட், பீடி, சுருட்டு எதையும் பத்தவைக்க மாட்டேன், வாயில வைக்க மாட்டேன், அடுத்தவங்க வச்சிருக்கிற பக்கம் நிக்கமாட்டேன்.” அவள் இரண்டு தடவை கேட்டாள். ஓட்டை எங்கும் இல்லை. பூட்டைத் திறந்தாள்.

மாசக் கடைசியில் பெட்டி எதுவும் திரும்பி வரவில்லை. ரோஜா இந்த வருஷமும் பூத்தது. சிவஞானத்துக்கு மூக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. குசினியில் என்ன குழம்பு என்று ஃபெக்டரியிலிருந்தே சொல்லிவிடுவார். ஆனால் “என்னங்க, சாப்பாட எடுத்து வைக்கட்டுமா?” என்று ஜெயலெட்சுமி கேட்டால், “எங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கை கழுவுகிறார்.