ஊமைக்கோட்டானின் வெள்ளிக்கிழமை

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சின்ன ர, பெரிய ற இன்றைக்கும் தகராறுதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாராவியில் எத்தனையோ வாய்களைப் பார்த்திருக்கிறேன். தேர்தலுக்கு மைக் பிடித்த வாய், மீன் விற்ற வாய், குழாயடியில் தண்ணீருக்கு மல்லுக்கு நின்ற வாய். அத்தனையையும் ஒரு தட்டில் வைத்தாலும் எங்கள் ஊமைக்கோட்டானுக்கு ஈடாகாது. இத்தனைக்கும் இரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டது மொத்தம் நாலு தும்மல்.

எங்களுடையது பை தைக்கும் பட்டறை. நான் சொலூஷன் என்கிற பசையைப் பூசி ஃபோம் ஒட்டுகிறவன். அவளுக்குப் பத்தொன்பது வயது. தைத்து வந்த பைகளில் பிசிறு நூலை வெட்டி, ஜிப்பை இழுத்துப் பார்த்து, ஆர்டர் விவரத்தைப் போனில் ஏற்றுவது அவள் வேலை. ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவர் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கம் வாய் திறக்காத ஆளை அப்படித்தான் சொல்வோம்.

சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அவள் மெசேஜில்தான் சொல்வாள். இரண்டடி தூரத்தில் இருக்கும் மாஸ்டர், "ஏளா, டீ வேணுமா?" என்பார். அவள் குனிந்துகொள்வாள். அவர் சட்டைப்பையில் 'டிங்' என்று கேட்கும். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, போனை எட்டப் பிடித்துப் படித்து, "வேணுமாம்" என்று பட்டறைக்கே அறிவிப்பார். "சீனி போடவா?" மறுபடியும் 'டிங்'. அதற்குள் டீ பச்சைத்தண்ணீர் ஆகிவிடும். மற்றவர்களுக்கு அவள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புவாள். அது எனக்கு ஓடாது என்று எப்படித்தான் கண்டுபிடித்தாளோ, எனக்கு மட்டும் தமிழ் எழுத்தில் வரும்.

ஒருநாள் பஸ்ஸில் சயானில் இறங்க வேண்டியவள், வழியை மறித்து நின்றவரைத் தள்ளி நிற்கச் சொல்லக் கூச்சப்பட்டு செம்பூர் வரை போய்விட்டாள். திரும்பி வந்த பஸ்ஸிலும் எவனோ மறித்து நின்றிருக்கிறான். கடைசியில் தாராவி டெப்போவில் பஸ் காலியான பிறகு இறங்கி, சயானுக்கு நடந்தே போனாளாம். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இதே காரணத்துக்காக ரயிலில் தாணே வரை போனவன் நான்.

முதலாளி பாய் மேலப்பாளையத்துக்காரர். தைக்கிறவர்களும் மாஸ்டரும் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்குப் பட்டறையே எழுந்து போகும். காவலுக்கு நான் இருப்பேன். அவளும் சாப்பிடப் போய்விடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அங்கே மிஷின் சத்தம் கிடையாது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ஃபோம் எடுக்கப் பின்பக்கம் போனேன். ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஃபோம் ரோல்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. வெண்கலப் பானையில் தட்டியது போன்ற குரல். "அவள் கையில் இரவல் குடை இருந்தது. எதிரே மூடிய கதவு இருந்தது. தட்டினால் திறந்துவிடுவார்களே என்று அவளுக்குப் பயமாக இருந்தது." என் கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது.

ரோல்களை விலக்கிக்கொண்டு ஊமைக்கோட்டான் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. குனிந்து போனில் எதையோ தட்டினாள். பிறகு என் போனில் 'டிங்'. "அண்ணாச்சி, யார்ட்டயும் சொல்லிராதிய." சொல்லாமல் இருப்பதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் இல்லை.

போனில் ஒரு கதை ஆப்பில் வாரம் ஓர் அத்தியாயமாக அவள் நாவல் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுதுவதும் அவள், படிப்பதும் அவள். இரவல் வாங்கிய குடையை மாடி வீட்டில் திருப்பிக் கொடுக்கத் தைரியம் இல்லாமல், கதைநாயகி மூன்று அத்தியாயம் வாசலிலேயே நிற்பாள். கேட்கிறவர்கள் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் "தட்டும்மா, தட்டு" என்று எழுதினார்களாம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நானும் கேட்டேன். என் கை பிரஷோடு நின்றுவிட்டது. நாற்பது வருஷமாக என் வயிற்றுக்குள் இருந்ததை இந்தப் பெண் எந்த வழியாக எட்டிப் பார்த்தாள்?

அப்புறம்தான் வந்தது வினை. கேட்கிறவன் ஒருவன், "இது மனுஷக் குரலே இல்லை, கம்ப்யூட்டர். பின்னால் ஒரு நாய்கூடக் குரைப்பதில்லையே" என்று கிளப்பிவிட்டான். எங்கள் ஃபோம் அவ்வளவு நன்றாகச் சத்தத்தைக் குடித்திருந்தது. பலரும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். கடைசி அத்தியாயத்தை எல்லோரும் கேட்க நேரலையில் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை முழுவதையும் நீக்கிவிடுவோம் என்றார்கள் ஆப்காரர்கள்.

அவள் எனக்கு எழுதினாள்: "ஆள் கேக்காங்கன்னு தெரிஞ்சா எனக்கு சத்தம் வராது அண்ணாச்சி. படிக்கலன்னா ரெண்டு வருசக் கதை போயிரும். வெள்ளிக்கிழமை படிச்சிருதேன். முடியிற வரை யாரையும் உள்ள விடாதிய."

ஒரு வாரம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். 'பாய், பத்து நிமிஷம் வெளியே நில்லுங்க.'

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஃபோமுக்குள் போனாள். நான் வாசலில், ஒரு காதில் ஒயரோடு. நேரலை தொடங்கியது. அவள் குரல் வரவில்லை. வெறும் மூச்சுதான் வந்தது. அரை மணி நேரம் அப்படியே போனது. எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. ஒருவழியாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல முதல் வரி வந்தது. பாதிக் கதை நடக்கும்போது தொழுகை முடிந்து எல்லோரும் சந்துக்குள் வந்துவிட்டார்கள்.

முன்னால் பாய். மனப்பாடம் செய்த வாக்கியம் வரவே இல்லை. இரண்டு கையையும் அகல விரித்து வாசலை மறித்தேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தவர்கள் அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். "பெருநாள் வாழ்த்தா? நீயா சொல்லுத? வாடே" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். தோள் மாற்றி மூன்று தடவை. அது அவர்கள் வழக்கம். அவருக்குப் பின்னால் மாஸ்டர். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில். ஒவ்வொருவருக்கும் மூன்று. விலா எலும்பு நோக நோக, கதை காதில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நூறு பேர் வந்தால் தேவலை என்று இருந்தது.

கட்டிப்பிடித்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். யாரோ மிஷினைப் போட்டார்கள். தடதடவென்று பட்டறை அதிர்ந்தது. என் காதில் கதை நின்றது. போச்சு, எல்லாம் என்னால் போச்சு என்று நினைத்தேன்.

"மிசினை நிப்பாட்டுங்க மாஸ்டர். இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

மாஸ்டர் பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"யா அல்லா, ஃபோம் பேசுதேல" என்றார் பாய்.

"ஃபோம் இல்ல, நாந்தான். கதை படிக்கேன். சும்மா இருங்க எல்லாரும்."

மிஷின் நின்றது. இவ்வளவும் நேரலையில் போய்விட்டது. எந்தக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கட்டிங் மாஸ்டர் இருப்பார்? அதற்குப் பிறகு ஒருவனும் சந்தேகம் கிளப்பவில்லை.

அவள் மீதியைப் படித்தாள். பன்னிரண்டு ஆண்கள் தைத்த பைகளின்மேல் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் கதைநாயகி கதவைத் தட்டிவிட்டாள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொலூஷன் காட்டம்" என்றார். அன்று டப்பாவை நான் திறக்கவே இல்லை.

வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். "ஏளா, இம்புட்டுச் சத்தத்தை எங்க வச்சிருந்த?" என்று மாஸ்டர் கேட்டார். அவர் பையில் 'டிங்'. கண்ணாடியை மாட்டிப் படித்தார். "டீ வேணுமாம்."

கதையை யாரும் நீக்கவில்லை. இப்போது அடுத்த நாவல் போய்க்கொண்டிருக்கிறது. ஆப்காரர்கள் தங்கள் ஸ்டுடியோவில் வந்து படிக்கச் சொன்னார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து எனக்கு எழுதினாள்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் நிக்காங்க அண்ணாச்சி. நமக்கு ஃபோமே போதும்."

அவள் மாறவில்லை. இன்றைக்கும் எங்களிடம் வாய் திறப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறவர்கள் யாரும் இப்போது நேராக உள்ளே போவதில்லை. அவள் ரோல்களை விலக்கும் வரை சந்தில் வெயிலில் நிற்கிறார்கள். ஒரு நிமிஷம் மிஷின் நின்றால் குதிக்கிற பாய், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறார். அப்படி நிற்கச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

எழுதி முடித்தது: ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட மறுநாள்.