காலி ஆணி

மனிதன் வெடிமருந்தைக் கண்டுபிடித்த நாள் முதல் இன்று வரை, ஒரு மானைக்கூடக் குறி தவறாத வேட்டைக்காரர் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் வெண்டெல் க்ரைடர். பென்சில்வேனியாவில், பாட்டர் கவுண்டியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இந்தத் தகவலைத் தந்தவரும் வெண்டெல் க்ரைடர்தான்.

"சாட்சி வேணுமா? சுவரைப் பாருங்கடா!"

வேட்டைக் குடிசையின் சுவர் முழுக்கச் சட்டை வால்கள். மானைச் சுட்டுத் தவறவிட்டவன் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி, பெயர் எழுதி, ஆணியில் தொங்கவிடுவது அங்கே சட்டம். கூட வேட்டைக்கு வரும் எல்வுடுக்கு நான்கு வால். மெர்லுக்கு மூன்று. நடுவில் ஓர் ஆணி மட்டும் காலி. அதில் வருஷா வருஷம் வெண்டெல் தன் தொப்பியை மாட்டுவார், கோபுரத்துக்குக் கலசம் வைக்கிற பக்தியோடு.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம். குழாய் வாய் வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் பழைய சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதியுள்ள பருவம். மெர்லுடைய அக்கா ஆர்லீன் காபி ஊற்ற, பழைய கதைகள் கிளம்பின.

"அந்த மழை வருஷம் ஞாபகம் இருக்கா?" என்றார் எல்வுட். "மருந்து நனைஞ்சு கஞ்சியாப் போச்சு. மான் கிட்ட வந்து என் துப்பாக்கியை மோந்து பாத்துட்டு, பாவம்னு போயிடுச்சு."

"நானும் அதைப் பாத்தேன். சின்ன மான். வளரட்டும்னு விட்டுட்டேன்" என்றார் வெண்டெல்.

அவருடைய வேட்டைக் கதைகள் எல்லாமே இப்படித்தான் முடியும். அந்த மலையில் பாதி மான்கள் அவர் தயவில் வளர்ந்தவை.

"ஆனா மெர்ல் மாதிரி வருமா? குண்டை இடிச்சு இறக்கின கம்பைக் குழாய்லேயே விட்டுட்டுச் சுட்டானே! மானுக்கு அம்பு விட்ட மகான்!" என்று வெண்டெலே தொடர்ந்தார்.

"பத்து வருஷமா இதையே சொல்றே. உனக்கு வாய் வலிக்கலையாடா?" என்றார் மெர்ல்.

வாசல் பனியில் நின்று துப்பாக்கிக்குக் குண்டு ஏற்றும்போதும் வெண்டெல் அந்தக் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஈயக் குண்டைத் துணியில் சுற்றினார். இடித்தார். "இப்படி, இந்தக் கம்பை வெளியே எடுக்கணும் மெர்ல், பாத்துக்கோ!" என்று எடுத்தும் காட்டினார்.

காலை வெயில் ஏறியபோது மான் வந்தது. 'வளரட்டும்' என்று சொல்ல வழியில்லை. அதற்கு மேல் அது வளர்ந்தால் கொம்பு மேகத்தில் மாட்டும். எதிர்மேட்டில் மெர்ல் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். வெண்டெலுக்குத் தொப்பியும் ஆணியும் கண்முன் வந்துபோயின. என்றாலும் குறிபார்த்தார். விசையை இழுத்தார்.

புஸ்.

கல்லில் பொறி வந்தது, புகை வந்தது, வெடிதான் வரவில்லை. கதை சொல்லும் மும்முரத்தில் குழாய்க்குள் மருந்தே போடவில்லை. மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

குழாயின் அடியில் பக்கவாட்டில் இருந்த சின்னத் துளை வழியாக வெண்டெல் சிட்டிகை சிட்டிகையாக மருந்தைத் திணித்தார். இழுத்தார். பொக்! குண்டு பாதிக் குழாய் வரை வந்து, யோசித்து, அங்கேயே தங்கிவிட்டது. அப்படியே சுட்டால் குழாய் வெடிக்கும். மறுபடி துளையில் மருந்து. மறுபடி கம்பை விட்டுக் குண்டை அடிவரை இடித்தார். மான் இவர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தது, உதவிக்கு வருவது போல.

அவசரமாகத் தூக்கி, இழுத்தார்.

டமார்!

மலை அதிர்ந்தது. மானின் முதுகுக்கு மேலே கம்பு ஒன்று பறந்துபோய் ஒரு மரத்தில் குத்தி நின்று ஆடியது. மான் அதைப் பார்த்தது. வெண்டெலைப் பார்த்தது. பிறகு மரியாதையாக நடந்தே போனது.

மரத்திலிருந்து கம்பைப் பிடுங்கினார், பாதிதான் வந்தது.

குடிசையில் சோள சூப் ஆறிக்கொண்டிருந்தது. வெண்டெல் துப்பாக்கியைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். கேலிக்குத் தயாராக உட்கார்ந்தார். யாரும் கேலி செய்யவில்லை. மெர்ல் ரொட்டிக்கூடையை முதலில் அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்னா சத்தம்டா!" என்றார் எல்வுட், கோயில் மணியைப் பற்றிப் பேசுகிற குரலில்.

அதைத்தான் வெண்டெலால் தாங்க முடியவில்லை. மெல்ல எழுந்து பின்பக்க விறகுக் கொட்டகைக்குப் போனார். சட்டையைக் கழற்றினார். யாரும் கேட்காமல், கத்தியை எடுத்து, தன் சட்டையின் பின்வாலைத் தானே நேராக வெட்டினார். கரித்துண்டால் பெயரும் எழுதினார்.

விறகெடுக்க வந்த ஆர்லீன் நின்று பார்த்தாள்.

"சொல்லிடாதேக்கா. நானே மாட்டிடறேன். கடைசி ஓரத்துல ஏதாவது ஆணி இருந்தாக் குடு."

"ஓரத்துல எதுக்கு? நடு ஆணியிலேருந்து தொப்பியை எடு. மெர்ல் அதை உன் வாலுக்குன்னுதான் அடிச்சு வச்சான். இத்தனை வருஷத்துல உன் துப்பாக்கிச் சத்தம் இன்னிக்குத்தானேடா முதல் தடவையாக் கேட்டுச்சு!"