சத்தம் போடாத வண்டி

வண்டி நன்றாக ஓடியதுதான் அரிகிருஷ்ணனுக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்பியது.

பதினோரு வருஷமாக அந்தக் கறுப்பு வண்டியை அவர் ஓட்டுகிறார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் உதைத்துக் கிளப்பினால் கோட்டைவரை கேட்கும். தெருமுனையில் சத்தம் கேட்டதும் மனைவி வளர்மதி டீயை அடுப்பில் ஏற்றிவிடுவாள். அப்பேர்ப்பட்ட வண்டி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நெல் மண்டியிலிருந்து பூனை மாதிரி வந்து வாசலில் நின்றது. டீ தயாராக இல்லை.

"இன்னாங்க, நடந்தா வந்தீங்க?" என்றாள் வளர்மதி.

"வண்டியிலதான் வந்தேன். அதான் யோசிச்சினு இருக்கேன்."

யோசனை அவருக்குப் புதிதில்லை. பால்காரர் முன்னால் நின்று பாலைக் கறந்து கொடுத்தாலும் மாட்டைச் சந்தேகப்படுகிற மனுஷர் அவர். மெக்கானிக் என்றால் கேட்கவே வேண்டாம். நாம் கண் அசந்தால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு நொள்ளைச் சாமானை மாட்டிவிடுவார்கள் என்பது அவர் முடிவு. அதனால் ஆயில் மாற்றுவதிலிருந்து பிரேக் சரிபார்ப்பதுவரை எல்லாமே வீட்டு வாசலில், அவர் கையால்தான். ஒவ்வொரு தடவை பிரித்து மாட்டும்போதும் ரெண்டு மூணு நட்டு மிச்சமாகும். கம்பெனிக்காரன் தாராளமாக வைத்துவிட்டான் என்று சொல்லி அவற்றை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பார். பாட்டில் நிறைந்து வருஷமாகிறது.

முன்ஜாக்கிரதையாக இன்னொரு காரியமும் செய்திருந்தார். வண்டியின் ஒவ்வொரு சாமானிலும் ஆணியால் 'அ.கி.' என்று தன் பெயரைக் கீறி வைத்திருந்தார். பேட்டரியில், செயின் கவரில், கார்புரேட்டரில், ஹாரனின் முதுகில்கூட. சாவியில்தான் கீற இடமில்லை. அது தேய்ந்து மழுங்கிப்போன சாவி. ஒருநாள் பீரோ சாவி தொலைந்தபோது வளர்மதி அதைப் போட்டுத்தான் பீரோவைத் திறந்தாள்.

இப்படிப்பட்டவர் இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியை வெளியில் விட்டதற்கு வளர்மதிதான் காரணம். அவள் தம்பி ஆதிமூலம் திண்டிவனம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்து நாலு வருஷம் ஆகிறது. ஊரே அவனிடம் வண்டி விடுகிறது, சொந்த மாமா மட்டும் விடவில்லை என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்து காரியத்தைச் சாதித்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆதிமூலமே வண்டியை மண்டியில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அரிகிருஷ்ணன் அந்த மண்டியில் எடை குமாஸ்தா. லீவுக்கு முந்தின நாளே அங்கே பூஜை போட்டுவிடுவார்கள். மூட்டை தூக்கும் ஆட்கள் எல்லா வண்டியையும் கழுவி ஷெட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். வாட்ச்மேன் பெரியதம்பி குண்டான் நிறையச் சந்தனம் கரைத்து, விளக்கிலிருந்து நம்பர் பிளேட்வரை அப்பிவிட்டார். வாழைக்கன்று கட்டி மாலையும் போட்டதும் எந்த வண்டியைப் பார்த்தாலும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மேனேஜர் ராமகிருஷ்ணன் மட்டும் தன் கறுப்பு வண்டிக்குத் தானே சந்தனம் பூசிக்கொண்டார். அதில் ஒரு கீறல் விழுந்தால் ரெண்டு நாள் சோறு இறங்காது அவருக்கு. பூஜை முடிந்ததும் பொரிப் பையோடு கும்பகோணம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

பெரியதம்பியின் மேலும் அரிகிருஷ்ணனுக்கு ஒரு கண் உண்டு. ஷெட்டில் நிற்கிற வண்டிகளில் அவர் பெட்ரோல் உறிஞ்சுகிறார் என்று சந்தேகம். ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தேகத்துக்கு முறை வரவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. வண்டியைத் தொடக்கூடாது. அரிகிருஷ்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, விரல் வைக்கவில்லை. வியாழக்கிழமை விஜயதசமி விடிந்ததும் முதல் வேலையாக ஹாரனை அழுத்தினார். அவருடைய ஹாரனுக்குப் பல வருஷமாகத் தொண்டை கட்டியிருக்கும். இது கணீரென்று கத்தியது.

அப்புறம் சீட்டைப் பார்த்தார். ஓரத்தில் செருப்புத் தைக்கும் நூலால் அவரே போட்ட தையல் இருக்க வேண்டும். இல்லை. சீட்டு புதுசாகப் பளபளத்தது.

"தம்பி புது சீட்டு போட்டுக் குடுத்திருக்கான்" என்று வளர்மதிக்குப் பூரிப்பு. "அக்கா வூட்டுக்காரர்னு ஒரு பாசம்."

"பாசம்னா சொல்லிட்டுச் செய்வான். வெளியில நல்லதா ஒண்ணு மாட்டினான்னா, உள்ள எதையோ கழட்டிட்டான்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு ஸ்பேனர் பெட்டியை எடுத்துவந்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே பாண்டிச்சேரியில் வாங்கிய பெட்டி. அதன்மேலும் சந்தனப் பொட்டு. வண்டியில் இருக்கும் சந்தனத்தை முதலில் துடைக்கப் போனவரை வளர்மதி தடுத்தாள். சாயங்காலம் சிங்கவரம் கோயிலுக்கு அதே வண்டியில் போய்வந்த பிறகுதான் சந்தனத்தில் தண்ணீர் பட வேண்டும் என்றாள். சரியென்று, சந்தனம் இல்லாத இடமாகப் பார்த்துக் கழற்ற ஆரம்பித்தார்.

பக்கத்து மூடியைத் திறந்தார். பேட்டரியில் அ.கி. இல்லை. செயின் கவரில் இல்லை. ஹாரனைக் கழற்றித் திருப்பினார், முதுகு வழவழவென்று இருந்தது. ஒவ்வொன்று கழற்றும்போதும் அவர் முகம் கறுத்தது. அதே சமயம், தன் சந்தேகம் பலித்த மனுஷனுக்கு வரும் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. கார்புரேட்டரிலும் அ.கி. இல்லை என்றதும் அவர் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வளர்மதி, உன் தம்பி வண்டியையே உரிச்சிட்டான்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "இங்க பாருங்க. என் தம்பி ஒரு சாமான் எடுத்திருந்தாலும் சரி, இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். எடுக்கலைன்னு தெரிஞ்சா, இந்தப் பெட்டியத் தூக்கி அவன்கிட்ட குடுத்துடணும். செத்தாலும் நீங்க ஸ்பேனரைத் தொடக்கூடாது."

அந்தப் பெட்டி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று அரிகிருஷ்ணனுக்குத் தெரியாது. ஆனாலும் பெட்டிமேல் கை வைத்து ஒப்புக்கொண்டார். வளர்மதிக்கும் லேசான பந்தயம் இல்லை. அப்பா அம்மா போனபிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்தத் தம்பி ஒருத்தன்தான்.

ஆதிமூலத்துக்குப் போன் போட்டார்கள். அவன் வருவதற்குள் அரிகிருஷ்ணன் பெட்ரோல் டேங்கைக் கழற்றிப் பாத்திரத்தில் கவிழ்த்தார். பாதி பாத்திரத்திலும் மீதி பக்கத்தில் கிடந்த சீட்டிலும் கொட்டியது. பிளக்கையும் கழற்றிப் பார்த்தார். அதிலும் இல்லை. சுண்டல் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே வந்த ஆதிமூலம், வாசலில் பரவிக்கிடந்த வண்டியைப் பார்த்து நின்றுவிட்டான்.

ஆயில் மாற்றினேன், செயினை இழுத்துக் கட்டினேன், வேறு ஒன்றிலும் கை வைக்கவில்லை என்றான். சீட்டு மாற்றினாயா என்று அக்கா ஆசையோடு கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினான். கார்புரேட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இந்த சாமானை நான் பார்த்ததே இல்ல."

"கேட்டுக்க வளர்மதி, அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இது நம்ம சாமான் இல்லையாம்."

எதிர்வீட்டு பீமாராவ், ரிட்டயரான பஸ் கண்டக்டர், இதையெல்லாம் கேட் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வண்டியும் போன மாசம் ஆதிமூலத்திடம் போய்வந்த வண்டி. அவருக்கு முகம் வேர்த்துவிட்டது. ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போய்த் தன் வண்டியின் ஹாரனை நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, தனக்கும் சத்தம் வேறு மாதிரி கேட்பதாகத் திரும்பி வந்து சொன்னார். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லுங்கள் என்று வழியும் காட்டினார்.

ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க நைனாவுக்கு அப்பறம் உங்களத்தான் மாமா நெனச்சினு இருந்தேன். கொளுத்துக்கா. அடிக்கிறேன்."

வளர்மதி தரையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினாள். சத்தியம் செய்கிறவன் மெதுவாகத் தட்டி அணைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆதிமூலம் இருந்த கோபத்தில் ஓங்கி ஒரு அறை அறைந்தான். எரிகிற துண்டு ஒன்று தெறித்துப்போய் சீட்டின்மேல் விழுந்தது. பெட்ரோலில் ஊறிய சீட்டு குப்பென்று பிடித்துக்கொண்டது.

அரிகிருஷ்ணன் பெட்ரோல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பீமாராவ் தன் பங்குக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தார். தண்ணீர் சீட்டில் விழாமல், பிளக் இல்லாத ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் இறங்கியது. கடைசியில் ஆதிமூலம்தான் சாக்கை நனைத்துப் போட்டு அணைத்தான். அதற்குள் சீட்டில் பாதி கரியாகிவிட்டது. டேங்கின் பெயின்ட் ஒரு பக்கம் கொப்புளித்து நின்றது.

அரிகிருஷ்ணன்தான் முதலில் தேறினார். எரிந்த சீட்டைக் கையால் காட்டினார்.

"இத்தினி இடம் இருக்குது. கற்பூரம் ஏன் வண்டிமேல போய் வுழணும்? பொய்ச் சத்தியம்னு சாமியே காட்டிக்குடுத்துடுச்சு."

வளர்மதிக்கும் அது அப்படித்தான் பட்டது. தம்பியை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"நீ கெளம்புடா. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

ஆதிமூலம் சுண்டல் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினான். ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. இன்னொன்று எங்கோ கழற்றிப்போட்ட சாமான்களுக்கு அடியில் கிடந்தது. அரிகிருஷ்ணன் ஜெயித்துவிட்டார். ஸ்பேனர் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் மச்சான் குனிந்து செருப்பு தேடுவதைப் பார்க்க அவருக்கே என்னமோ போல்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் வந்து கேட்டில் நின்றது. மண்டி வாட்ச்மேன் பெரியதம்பி. வேர்க்க விறுவிறுக்க மிதித்து வந்திருந்தார். வாசலில் இருந்த கலவரம் அவர் கண்ணில் படவே இல்லை.

"இன்னா பெரியதம்பி, லீவு நாள்ல?" என்றார் அரிகிருஷ்ணன்.

"உங்களுக்கு வெசயம் தெரியாதா சார்? ஷெட்லருந்து ஒரு வண்டி திருடு போயிடுச்சு. போலீஸ் வந்து விசாரிச்சினு இருக்குது. என்மேலயே சந்தேகம் சார்."

அரிகிருஷ்ணன் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மனசுக்குள் ஒரு கணக்கு நேராயிற்று. இவனும் மச்சானும் கூட்டுக் களவாணிகள். "சந்தேகம் வராம இன்னா செய்யும்? என் வண்டி இருக்கற நெலமையப் பாரு" என்று ஆரம்பித்தார்.

பெரியதம்பி அவரைப் பேசவிடவில்லை. பதறுகிற மனுஷருக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்:

"அதச் சொல்லத்தான் சார் ஓடியாந்தேன். நீங்க பயப்படாதீங்க, உங்க வண்டி ரெண்டு நாளா ஷெட்லயே பத்திரமா நிக்குது, நான்தான் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். பக்கத்துல நின்ன மேனேஜர் வண்டியத்தான் எவனோ தள்ளினு போயிட்டான்."