வாணாம் அண்ணன் பார்த்துக் கொடுத்த மலை

இந்தியாவில் உள்ள சுற்றுலாத் தலங்கள் அத்தனையையும் திண்டிவனம் மேம்பாலத்தடியில் நின்றபடியே நிராகரித்த ஒரே மனிதர் வாணாம் அண்ணன்தான். இத்தனைக்கும் அவர் தொழிலே சுற்றுலா வேன் ஓட்டுவது.

"அண்ணே, ஊட்டி?"

"வாணாம் சார். திண்டிவனமே அங்கதான் போவுது. பக்கத்து வூட்டுக்காரனப் பாக்க அவ்ளோ தூரம் போவணுமா?"

"மூணாறு?"

"வாணாம். அட்டை ஏறும்."

"சிம்லா?"

"ஸ்வெட்டர் வாங்குவீங்க. அப்பறம் அத திண்டிவனத்துல எங்க போடுவீங்க?"

போன கோடையில் வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. மனைவிக்குக் குளிர் வேண்டும். பெரியவளுக்கு சிக்னல் வேண்டும். எட்டு வயது சின்னவளுக்கு யானை வேண்டும். எனக்கு வீட்டிலேயே இருக்க வேண்டும்.

காரணம் உண்டு. அதற்கு முந்தைய மே மாதம் ஒரு மலை ஊர்ப் பூங்காக் கூட்டத்தில் சின்னவள் என் கையிலிருந்து நழுவிப் போனாள். நாற்பது நிமிடம் கழித்து ஒரு சோளக்கருது வண்டி பக்கத்தில், வாயெல்லாம் மிளகாய்ப்பொடியோடு கிடைத்தாள். அவள் அன்றே மறந்துவிட்டாள். நான் இன்றைக்கும் காய்கறிக் கடையில் அவள் கையை விட்டுவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்குவதில்லை. ஆனால் பெரியவள் ஜூனில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போகவிருந்தாள். அந்தக் கோடையை விட்டால் நான்கு பேரும் சேர்ந்து எங்கே போகப்போகிறோம்?

"ஊரு கெடக்கட்டும் சார். ஞாயித்துக்கெழம மூட்டை முடிச்சோட வந்து வண்டில குந்துங்க" என்றார் வாணாம் அண்ணன்.

அது அவர் வழக்கம். குடும்பம் முழுவதும் பெட்டி படுக்கையோடு ஒரு மணி நேரம் வேனில் உட்கார வேண்டும். வேன் நகராது. அதைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்வார். ஜன்னல் சீட்டுக்குப் பத்தே நிமிடத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்ட அண்ணன் தம்பி குடும்பத்தை, "உங்களுக்குக் கொடைக்கானல் தாங்காது, மாமல்லபுரம் போய்ட்டு சாய்ந்தரமே வந்துடுங்க" என்று இறக்கிவிட்டிருக்கிறார். நின்றுகொண்டிருந்த வண்டியிலேயே வாந்தி எடுத்த புது மாப்பிள்ளைக்கு மலையே தடை.

நாங்களும் உட்கார்ந்தோம். மே மாத வெயில். மனைவி டிபன் பாக்ஸ் மூடியால் விசிறிக்கொண்டாள். பெரியவள் காதில் இயர்போன். சின்னவள் கடைசி சீட்டில் தூங்கிப்போனாள். வெளியே வாணாம் அண்ணன் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் கதவைத் திறந்தார். "சார், கடைசி சீட்ட எத்தினி வாட்டி திரும்பிப் பாத்தீங்க தெரியுமா? நாப்பத்தியோரு வாட்டி. எண்ணிக்கினுதான் இருந்தேன். இன்னா பேஜாரு உங்களுக்கு?"

மனைவிதான் பூங்காக் கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சட்டையில் ஒட்டியிருந்த தொலியைத் தட்டினார்.

"ஏலகிரி போலாம்."

"அங்க என்ன இருக்கு?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணும் பெருசா கெடையாது பாப்பா. வண்டி ஏறவும் எறங்கவும் ஒரே ரோடு. அதான் வோணும்."

ஏலகிரியில் இரண்டு நாள். வாணாம் அண்ணன் அறை வேண்டாம் என்றார். சாலை கீழே இறங்கத் தொடங்கும் வளைவுக்கு முன்னால் வேனை ஓரம் கட்டிவிட்டு, படியில் உட்கார்ந்துகொண்டார். மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனேன்.

"நீங்க போய்த் தூங்குங்க சார். என்னைத் தாண்டித்தானே எவனா இருந்தாலும் எறங்கணும்? நான் குந்திக்கினு இருக்கேன்."

ஒரு வருடத்துக்குப் பிறகு, யார் கையையும் பிடிக்காமல் தூங்கினேன். விழித்தபோது மணி ஐந்து. சின்னவள் கட்டிலில் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

வேன் படியில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் இயர்போனைக் கழற்றிவிட்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்ற என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாணாம் அண்ணன் சொன்னார்:

"சின்னப் பாப்பாவுக்கு யானை பாக்கணுமாம் சார். வாணாம்னு சொல்லிட்டேன்."

இப்போது மறுபடியும் மே. ஹாஸ்டலிலிருந்து பெரியவள் நான்கு நாள் விடுமுறையில் வருகிறாள். "எந்த ஊருக்குங்க?" என்று காலையில் மனைவி கேட்டாள்.

எந்த ஊராக இருந்தால் என்ன? வாணாம் அண்ணன் வண்டியை எங்கே ஓரம் கட்டி உட்காருவாரோ, அந்த ஊருக்கு.