நாற்காலிக்குத் தகுந்த கடை

அந்த ஊரில் எந்த லிஃப்ட்டும் நொட்டையாரைக் கண்டால் கொஞ்சம் நடுங்கித்தான் மேலே ஏறும். அவர் லிஃப்ட் ஆய்வாளர். உள்ளே நுழைவார், ஒரு குதி குதிப்பார், சுவரில் காதை வைப்பார், "ம்ஹூம்" என்பார். அந்த ஒரு "ம்ஹூம்" போதும், கட்டடத்துச் சொந்தக்காரருக்கு வேர்த்துக் கொட்டிவிடும். எதிலும் நொட்டை சொல்கிறவர் என்று அலுவலகத்தில் வைத்த பெயர் நொட்டையார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி. வலது பக்கப் பிடியை இழுத்தால் கால் மேலே வரும். இடது பக்கம் ஒரு ஸ்பிரிங் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே போர்த்திய தோல் உரிந்து, உட்கார்ந்து எழுந்தவர்களின் பின்பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். சனிக்கிழமை காலை காப்பியோடு அதில் சாய்ந்தாரென்றால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்திருப்பார். உலகத்தில் அவர் குறை சொல்லாத பொருள் அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை அவர் மனைவி வந்து எதிரே நின்றாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை அவளுக்கு. சத்தம் போடாமலே ஆளை அடக்குகிற வித்தையை அங்கே கற்றிருந்தாள்.

"என்னங்க, இந்த நாற்காலியை யாருக்காவது குடுத்துடலாம்."

நொட்டையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதை?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதைத்தான்."

"ஏன்? என் இடுப்பை வேணா கழட்டிக் குடுத்துடேன்!"

"இடுப்பை யாரும் வாங்க மாட்டாங்க. பழைய பொருளை வாங்கி வித்து, வர்ற காசை நல்ல காரியத்துக்குக் குடுக்கிற கடைங்க இருக்கில்ல? அங்க குடுத்தா நாலு பேருக்கு உபயோகம்."

வேண்டாம் என்றால் சண்டை. சரி என்றால் நாற்காலி போச்சு. நொட்டையார் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது.

"குடுக்கலாம். தாராளமா குடுக்கலாம். ஆனா கண்ட கடைக்குக் குடுக்க மாட்டேன். நிஜமாவே ஜனங்களுக்கு நல்லது செய்யற கடையா இருக்கணும். நானே போய்ப் பரிசோதிப்பேன். ஒரு குறைகூட இல்லேன்னா, அன்னைக்கே நாற்காலி அங்க."

குறையில்லாத கடையா? இருபத்திரண்டு வருஷத்தில் குறையில்லாத லிஃப்ட் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

"ஆகட்டும்," என்றாள் மனைவி. "ஆனா ஆபீஸ்ல எழுதற மாதிரி முறையா எழுதணும். இவனைப் பிடிக்கல, அவன் மூஞ்சி சரியில்லன்னு எல்லாம் சொல்லக் கூடாது."

ஆபீஸ் முறை என்றால் ஒரு தாள், அதில் மூன்று பத்தி. என்ன பார்த்தோம், என்ன குறை, என்ன தீர்வு. தீர்வு எழுதாமல் குறை எழுதக் கூடாது என்பது அவர்கள் துறையின் விதி. பொய்க் குறை எழுதினால் வேலையே போய்விடும். அந்த விஷயத்தில் நொட்டையார் பத்தரைமாற்றுத் தங்கம். தன் நாற்காலிக்காகக்கூட அவர் பொய் எழுத மாட்டார்.

பொய் எழுதவேண்டிய அவசியமும் வரவில்லை. முதல் கடையில் சட்டைகளைத் தரையில் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து உதறினார். மூன்று பட்டனைக் காணோம்.

"ஐயா, இது இல்லாதப்பட்டவங்க வாங்கற கடை. இதுக்கு மேல என்ன எதிர்பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஏன், இல்லாதப்பட்டவனுக்கு நெஞ்சு கிடையாதா? அதுல குளிர் அடிக்காதா?"

தீர்வு: தையல் தெரிந்த ஒருவர் சரிபார்த்துத் தைத்த பிறகே துணியை மாட்ட வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து பிடியை இழுத்தபோது, அது போட்ட கிரீச் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது.

இரண்டாவது கடைக்கு ஆறு படி. கீழே ஊன்றுகோலோடு ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். தீர்வு: படியை ஒட்டி மரச் சரிவு, இன்ன நீளம், இன்ன அகலம், பக்கத்தில் கைப்பிடி. படமும் வரைந்து கொடுத்தார். மூன்றாவது கடையில் மின்விசிறிகள் மலைபோல் கிடந்தன.

"ஓடுமா?"

"வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்க சார்."

"ஓடலேன்னா?"

"அது உங்க அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டம் விக்கிற கடைன்னு போர்டு போடுய்யா!"

நான்காவது கடையில், லாபம் எந்த நல்ல காரியத்துக்குப் போகிறது என்று கேட்டார். முதலாளிக்குத்தான் தெரியும் என்றார்கள். முதலாளி வாசலில் புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தீர்வு: போன மாதம் எங்கே எவ்வளவு கொடுத்தோம் என்று வாசலிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

ஐந்தாவது கடையில்தான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எடுத்த ஒரு பெண்ணிடம், கல்லாவில் இருந்த அம்மாள் கடையே கேட்கும்படி, "உன் வீட்டுக்காரர் என்ன சம்பாதிக்கிறார்? நிஜமா கஷ்டமா, சும்மா சொல்றியா?" என்றாள். அந்தப் பெண் சட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நொட்டையார் நாற்காலியை மறந்து பல்லைக் கடித்தார். பேனா தாளைக் கிழிக்கும்படி எழுதினார்.

"இதைக் கொஞ்சம் தெளிவா எழுதுங்க. கையெழுத்து புரியல," என்றாள் மனைவி.

"உனக்கு எதுக்கு?"

"ஃபைல்ல வைக்கத்தான். நூலகத்துப் பழக்கம்."

எட்டு சனிக்கிழமை, எட்டு கடை, எட்டு வெற்றி. அலுவலகத்தில் கொடி கட்டிப் பறந்தார். "பொண்டாட்டியை எதிர்த்துப் பேசக் கூடாதுய்யா. ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டே ஜெயிக்கணும்," என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாடம் எடுத்தார். அவனும் பாவம், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டான்.

ஒன்பதாவது வாரம் மனைவி சொன்னாள். "பழைய தபாலாபீஸ் இடத்துல புதுசா ஒண்ணு திறந்திருக்காங்களாம். போய்த்தான் பாருங்களேன்."

விசிலடித்துக்கொண்டே போனார். வாசலில் மரச் சரிவு. அளவு நாடாவை எடுத்து அளந்தார். ஒரு விரற்கடைகூடப் பிசகில்லை. கைப்பிடியை ஆட்டினார். அது ஆடவில்லை. பக்கத்தில் பலகை: போன வாரத்து வசூல், அது போன இடம் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், ரசீதோடு. விசில் நின்றுவிட்டது.

உள்ளே இருபத்தேழு சட்டைகளின் பட்டன்களை எண்ணினார். எல்லாம் இருந்தன. மின்விசிறியைச் செருகிப் பார்க்கச் சுவரில் பிளக். கல்லாவில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர். வாங்க வந்தவர்களிடம், "பிடிச்சிருக்கா?" என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. நொட்டையார் டார்ச் அடித்து மேஜைக்கு அடியில் தேடினார்.

"ஏதாச்சும் விழுந்துடுச்சா சார்?" என்றார் நர்ஸம்மா.

"குறை... குறை ஒண்ணு..."

"கிடைச்சா சொல்லுங்க, சரி பண்ணிடறோம்."

கடை என்றால் இதுவல்லவா கடை என்று மனசு குதித்தது. அதே மனசு, ஐயோ நாற்காலி என்று அழுதது. 'குறை இல்லை' என்று எழுதினார். பணிக்காலத்தில் முதல் தடவை. மத்தியானமே இரண்டு பேர் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடத்தில் உட்கார இடம் தெரியாமல் அலைந்தார்.

ஆனால் ஞாயிறு சாயங்காலம் அவருக்குப் பளிச்சென்று ஒன்று உறைத்தது. அது கடைதானே? கடையில் பொருளை வாங்கலாம்தானே?

திங்கட்கிழமை மத்தியானம் மெக்கானிக்கின் வேனில் போய் இறங்கினார். நாற்காலியில் ஸ்பிரிங்கை உள்ளே தள்ளித் தைத்திருந்தார்கள். நர்ஸம்மா மறுபேச்சு பேசாமல் காசை வாங்கிக்கொண்டு, "பிடிச்சிருக்கா?" என்றார். பிடிச்சிருக்கா என்று கேட்கிறார்களே! நொட்டையாருக்குக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. நாற்காலிக்கு.

மாலை மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, கூடத்தில் கால் மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தார்.

"பாத்தியா? வாக்குக் குடுத்தபடி குடுத்துட்டேன். காசு குடுத்து வாங்கிட்டேன். கடைக்கு லாபம், குழந்தைங்களுக்கு லாபம், எனக்கு நாற்காலி. யாரு ஜெயிச்சா?"

"நீங்கதான்," என்று சொல்லி மனைவி கைப்பையை ஆணியில் மாட்டினாள். "நல்லதாப் போச்சு. அதே இடத்துலயே இருக்கட்டும்."

நொட்டையாரின் கால் தானாகக் கீழே இறங்கியது.

"உனக்குக் கோவம் வரலையா?"

"நாற்காலி மேல எனக்கென்னங்க கோவம்? நானும் நர்ஸம்மாவும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் ஒரு கடை திறக்கணும்னு ரெண்டு வருஷமா தவிச்சுக்கிட்டிருந்தோம். எப்படி நடத்தணும்னு தெரியல. ஊர்ல இருக்கிற கடையெல்லாம் பாத்து, இது இது தப்பு, இது இதுக்கு இப்படிப் பண்ணணும்னு எழுதிக் குடுங்கன்னு நேராக் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

நொட்டையார் உண்மைக்குக் கட்டுப்பட்டவர். "சனிக்கிழமை எனக்கு ஓய்வுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

எட்டு வாரம் சம்பளமில்லாமல் உழைத்திருக்கிறோம் என்று உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்ததும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க கடையிலயும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு, தெரியுமா? சனிக்கிழமை குடுத்தவன் திங்கட்கிழமை வந்து அதையே வாங்கிட்டுப் போறான். ஏன்யா, என்ன சமாச்சாரம்னு கேக்க ஒரு ஆள் இல்ல!"

"அட, ஆமாங்க," என்று மனைவி முகம் மலர்ந்தாள். ஒரு வெற்றுத் தாளும் பேனாவும் அவர் மடிக்கு வந்தன. "குறை சரி. தீர்வு?"

"இது தெரியாதா? பொருளைப் பாத்தாலே ஆளைப் புரிஞ்சுக்கற, அனுபவமுள்ள ஆள் ஒருத்தர், கூட்டம் வர்ற சனிக்கிழமை முழுக்கக் கடையிலயே இருக்கணும்." எழுதி, கீழே அழுத்தமாகக் கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

மனைவி அதைப் படித்து, மை காய ஊதி, மடித்து வைத்துக்கொண்டாள்.

"கடை பத்து மணிக்குத் திறக்கும். சாப்பாடு கட்டித் தந்துடறேன்."