ஜெனிஷ் சட்டையைக் கழற்ற மறுப்பது குறித்து

நாமக்கல்,
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின்.

அன்புத் தங்கை சோபியாவுக்கு, அண்ணன் கஸ்பார் எழுதுவது. இங்கு ஒருவர் நீங்கலாக அனைவரும் நலம். உன் நலத்தையும் நேற்று மதியம் நீ சாப்பிட்ட காளான் பிரியாணியையும் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டதால் தனியாக விசாரிக்கவில்லை.

இன்று காலை ஒன்பதரை மணி நிலவரப்படி என் மகனும் உன் மருமகனுமான ஜெனிஷ் தன் அறைக் கதவைத் திறக்கவில்லை. புனித வெள்ளியன்று நம் பங்குக் கோயிலின் பாஸ்கா நாடகத்தில் இயேசுவாகச் சிலுவையில் ஏற அவனுக்குச் சம்மதம். சட்டையைக் கழற்றத்தான் சம்மதமில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டு இதை உறுதி செய்தவர் உன் அண்ணி ரோசி. ஜன்னல் பக்கம் போய் நானும் தனியாகச் சரிபார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே உள்ளன. முழுக்கைச் சட்டையோடு சிலுவையில் தொங்க வேதாகமத்தில் இடமில்லை என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். இயேசுவின் உடையைப் படைவீரர்கள் சீட்டுப் போட்டுப் பங்கிடும் காட்சி வேறு இருக்கிறது. இவன் கழற்றாவிட்டால் அந்த நான்கு பேர் எதற்குச் சீட்டுப் போடுவார்கள் என்பது அவருடைய கேள்வி.

இதைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் சொன்னால் நீ அழுவாய், அழுவதை வீடியோ எடுத்துப் போடுவாய். இந்த விவகாரம் தொடங்கியதே ஒரு வீடியோவில்தான். தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு நீ இங்கு வந்திருந்தபோது, முதல் ஒத்திகையில் ஜெனிஷ் இடுப்புத் துணியோடு சிலுவையருகே நின்றதைப் படமெடுத்து, 'என் தங்க மருமகன்' என்று போட்டாய். பாசத்தில்தான் போட்டாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நேற்று மாலைவரை அதை நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். முதல் கருத்து, 'இவருக்கு எதுக்குச் சிலுவை, ஹேங்கர் போதுமே' என்பது. அதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை, முகத்துக்குப் பதில் ஒரு சிங்கத்தின் படம் இருக்கிறது. நீ சும்மா இருந்திருந்தால் அது இரண்டு நாளில் கீழே போயிருக்கும். நீயோ அந்தச் சிங்கத்துக்கு, 'உன் சொட்டைத் தலையை முதலில் கண்ணாடியில் பார்' என்று பதில் போட்டாய். அதற்கு அவன் பதில், அதற்கு நீ. முப்பது வருடம் செய்தி எழுதியவன் சொல்கிறேன். ஒவ்வொரு மறுப்பும் அந்த வதந்தியை இன்னொரு முறை அச்சடிப்பதுதான். நீ பதினேழு முறை அச்சடித்திருக்கிறாய்.

அதன்பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மூன்று வாரமாக ஜெனிஷ் முழுக்கைச் சட்டையோடு தூங்குகிறான். கொசுவுக்காக என்று நினைத்தேன். ரோசியின் தையல் டேப்பை எடுத்துக் காலையில் எதையோ அளந்து காலண்டரில் குறித்தான். சிலுவைக்கு ஏதோ அளவு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அவனுடைய புஜத்தின் சுற்றளவு. பத்தே கால் அங்குலம், பத்தே கால், பத்தே கால் என்று பதினெட்டு நாள் எழுதியிருக்கிறான். பத்தொன்பதாம் நாள் ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்குள் நடந்த ஒரு செய்தியை விசாரிக்காமல் விட்டது என் பிழை. இதற்கிடையில் செல்போனில் வரும் பயிற்சியாளர் ஒருவர் தினம் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லியிருக்கிறார். நாமக்கல்லில் முட்டைக்கு என்ன பஞ்சம். ஆனால் இயேசுவாக நடிப்பவர் நாற்பது நாளும் சுத்த சைவம் என்பது பங்கின் வழக்கம். "தவக்காலத்துல முட்டையா, ஆண்டவரா நடிக்கறவனுக்கு?" என்று ரோசி சட்டியை வாங்கி வைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக அவன் ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தின்றான். அதன் விளைவுகளை இக்கடிதத்தில் விவரிக்க வேண்டியதில்லை.

நேற்று மாலை வேடத்தோடு முழு ஒத்திகை. ஜெனிஷ் மேலங்கியைத் தானே கழற்றினான். நாங்கள் அசந்துவிட்டோம். ரோசி என் காதருகே, "ஏனுங்க, நம்ம பையன் வயிறு செங்கல் அடுக்குன மாதிரி ஆயிருச்சே, கடலையிலயா?" என்றாள். கடலையில் இல்லை. அது ஆன்லைனில் வரவழைத்த பனியன். சதை நிறத் துணிக்குள் ஸ்பாஞ்சு வைத்து, மார்பும் ஆறு கட்டு வயிறுமாகத் தைத்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது.

ஈட்டியால் குத்தும் படைவீரராகப் பதினொரு வருடமாக நடிப்பவர் தனசேகர். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார், நம் சிலுவையைச் செய்து தருபவரும் அவரே. இயேசுவின் வலது விலாவில் சிவப்புச் சாயம் நிரப்பிய சின்னப் பையை ஒட்டி வைப்பார்கள், ஈட்டி முனை லேசாகப் பட்டதும் அது உடையும். ஜெனிஷ் அந்தப் பைக்கு மேல் பனியனை மாட்டியிருக்கிறான். தனசேகர் லேசாகத் தொட்டார், ரத்தம் வரவில்லை. கொஞ்சம் அழுத்தினார், வரவில்லை. 'இது என்னடா' என்று ஒரு அமுக்கு அமுக்கினார். ஈட்டி நான்கு விரற்கடை உள்ளே போய்விட்டது, அப்போதும் ரத்தமில்லை. கதைப்படி ஏற்கெனவே உயிர் பிரிந்துவிட்டதால் ஜெனிஷ் வாய் திறக்கவில்லை. "அய்யோ, நெசமாவே எறங்கிப்போச்சுங்க சாமி" என்று தனசேகர் ஈட்டியை வெடுக்கென இழுக்க, தையல் விட்டு மொத்த மார்பும் ஈட்டி முனையில் வந்துவிட்டது. பையன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை நானே பார்த்து உறுதி செய்தேன். ஆனால் சிலுவையடியில் அன்னை மரியாளாக அழ வேண்டிய ஆன்சி சிரித்துவிட்டாள். ஜெனிஷ் மூன்றாம் நாள்வரை காத்திருக்காமல் அப்போதே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான்.

இன்று பூசை முடிந்ததும் தனசேகர் மன்னிப்புக் கேட்க வந்தார். கதவருகே நின்று நல்ல மனதோடு பேசினார்.

"கண்ணு, போன வருசம் ஜிம்முக்குப் போற பையன ஏத்துனோம். எழுபத்தெட்டுக் கிலோ. ஆறு பேரு தூக்கியும் சிலுவ சாஞ்சு பிலாத்து வேசம் போட்டவரு மேல உழுந்துது. அதனாலதான் இந்த வருசம் ஒன்பது பேர எடை போட்டு ஒன்னயப் புடிச்சோம். நீ அம்பத்தொண்ணு. அந்த எடைக்கு அளவாத்தான் சிலுவையில போல்ட்டே போட்டிருக்கறேன்."

உள்ளேயிருந்து, "அப்ப நான் ஒல்லியா இருக்கேன்னுதான் எடுத்தீங்களா?" என்றான் ஜெனிஷ்.

தனசேகர் பொய் பேசாதவர். "ஆமாங்க சாமி," என்றார்.

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழும் சத்தம் கேட்டது.

அவர் போனபின் அரை மணி நேரம் நான் பேசினேன். ஆண்டவர் கொடுத்த உடம்பைக் காட்ட வெட்கப்பட என்ன இருக்கிறது, ஊர் பார்த்தால் பார்க்கட்டும், ஆண்பிள்ளை தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். கதவு திறக்கவில்லை. ஆகவே சோபியா, இக்கடிதம் கண்டவுடன் அந்த வீடியோவை நீக்கிவிடு. நீக்கியதை அறிவித்து இன்னொரு வீடியோ போடாதே. சிங்கத்துக்கு விடைபெறும் செய்தியும் வேண்டாம். புனித வெள்ளிக்குக் கட்டாயம் வா, செல்போனை மட்டும் கோவையிலேயே விட்டுவிட்டு வா. மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அன்னை மரியாள் உன் குடும்பத்தை நோய் நொடியின்றியும், முடிந்தால் நெட்வொர்க் இன்றியும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
அ. கஸ்பார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் வந்த தகவல். பதினொன்றே முக்காலுக்கு ஜெனிஷ் கதவைத் திறந்துவிட்டான். "என்னதான் வேணும் உனக்கு, சொல்லு சாமி" என்று ரோசி கேட்டதற்கு, "நான் கழட்டறேன். அப்பாவும் கழட்டட்டும். குளிக்கறப்பக்கூட பனியனோட குளிக்கறவரு எனக்குப் புத்தி சொல்றாரு" என்றிருக்கிறான். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ரோசி மறுக்கவில்லை, சிரித்தாள். இயேசுவுக்கு இடப்பக்கம் சிலுவையில் தொங்கும் கள்வனாக நடிக்கும் லாரி ஓட்டுநர் ஆண்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருக்கிறது. கள்வர்களுக்கும் மேல்சட்டை கிடையாது. தகவல் எப்படியோ பட்டறைக்குப் போய், தனசேகர் போனில் என் எடையைக் கேட்டார். நான் சொல்லவில்லை. வீடியோவை உடனே நீக்க வேண்டாம், சற்றுப் பொறு. அந்த நாற்பத்தோராயிரம் பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை என்னைத் தேட மாட்டார்கள். பையன் தன் பங்குக்குச் சம்மதித்துவிட்டான். நிலுவையில் இருப்பது என் பதில் மட்டுமே. அது செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி ஒத்திகைக்கு முன் எதிர்பார்க்கப்படுகிறது.