தென்றல் மார்க் குளிர்காற்றுப் பெட்டி

ட்ரியோலே, மொரீஷியஸ்,
14 டிசம்பர் 1967.

தெற்குக்கரைச் சுரினாம் கிராமத்தில் சகல சௌபாக்கியங்களுடன் இருக்கும் மச்சான் திருவேங்கடம் அவர்களுக்கு, தங்கள் தங்கை தெய்வானையின் கணவன் முத்துக்கருப்பன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். வீட்டில் ஒருவனே இருப்பதால் அதை விசாரிக்கத்தான் ஆளில்லை. தாங்கள் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் கிரியோலில் எழுதாமல் தமிழிலேயே எழுதுகிறேன். பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம்.

தெய்வானை அங்கே வந்து சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் ஆதியிலிருந்து சொல்லியிருக்க மாட்டாள். கரோல் புயலுக்கு மறுவருஷம், கூரை பறந்த சினிமாக் கொட்டகையிலிருந்து ஒரு மின்விசிறி கிடைத்தது. அதைத் தகரப் பெட்டிக்குள் பொருத்தி, பின்னால் வெட்டிவேர்த் தட்டி கட்டி, அதன்மேல் தண்ணீர் சொட்டவிட்டேன். சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் இயந்திரம் பார்த்தவனுக்கு இது பெரிய வேலையா? தென்றல் என்று பெயர் வைத்தேன். எலெக்ட்ரிஷியன் பாட்ரிக் அதைப் பிரெஞ்சு எழுத்தில் பெயின்ட் அடித்தான். எல்லாரும் அதை ஏதோ மருந்தின் பெயர்போல "தாந்த்ரால்" என்று படித்தார்கள். மிரெய் என்றொரு அம்மாள் வாசலில் வந்து நின்று, தாந்த்ரால் ஒரு புட்டி வேணும், தூங்குறதுக்கு எத்தனை சொட்டு குடிக்கணும் என்று கேட்டாள்.

விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருந்தது, எனக்குத்தான் விளங்கவில்லை. பெட்டி குளிர்விக்கவில்லை, மச்சான். "முசே, நம்ம தீவுக் காத்து ஏற்கெனவே வயிறு முட்டத் தண்ணி குடிச்சிருக்கு, இன்னும் எங்கே குடிக்கும்?" என்று பாட்ரிக் அன்றைக்கே சொன்னான். ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்தால், முதல் மழை விழுந்த மண்போல ஒரு வாசனை வரும், சொட்டும் சத்தம் மெல்லத் தூரம் போகும், சுவர்கள் விலகும், கயிறு அவிழ்ந்த படகு மாதிரி வீடே பவளப்பாறைக்கு இந்தப் பக்கத்துக் கடலில் மிதந்து போகும், அப்புறம் பார்த்தால் மத்தியானம் முடிந்திருக்கும். ஆறு வருஷத்தில் நாலு பெட்டி விற்றேன், மூன்று திரும்பி வந்தன. தையல்காரர் ஆல்பெர் கண் சொக்கி, ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கால்சட்டையில் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டார். புதுக் கூரை போட்ட சினிமாவில் படத்தின் முடிவை ஒருவரும் பார்க்கவில்லை. கோயில் கமிட்டித் தேர்தலில் வைத்தார்கள், யார் ஜெயித்தார் என்று இன்றுவரை தெரியாது. நாலாவது பெட்டி வாங்கியவர் இன்னும் எழுந்து வந்து புகார் சொல்லவில்லை.

போன ஞாயிறு மகள் கோவிந்தம்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கிராண்ட் பே கடற்கரையில் படகு வைத்திருக்கும் சின்னனும் அவர் மகனும், உறவுக்காரர் ஆறு பேரும். சின்னன் "ஃபேர் சோ, ஃபேர் சோ", வேகுது வேகுது என்று கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைப் பிழிந்தார். வெயில் தாங்காமல் வந்தவருக்கு விசிறக்கூட வேண்டாமா? பெட்டியைப் போட்டேன். வெற்றிலைத் தட்டை எடுத்த கை எடுத்தபடியே நிற்க, ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். தெய்வானை கதவில் சாய்ந்தாள். நல்ல நேரம் முடியும் பதினொன்றரைக்குள் தட்டு மாற்ற வேண்டும், கண் விழித்தபோது மூன்று மணி. சின்னன் முகம் சிவந்து, "தூங்க வச்சு அனுப்பவா எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று எழுந்து போனார்.

தெய்வானை கத்தவில்லை, கத்தியிருக்கலாம். "ஊருக்கெல்லாம் தாலாட்டு பாடினது போதும். அந்தப் பெட்டியோடயே குடும்பம் நடத்துங்க" என்று மகளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மச்சான், இருந்த பெட்டிகளையெல்லாம் நேற்றுப் பிரித்துப்போட்டேன். தட்டிகளை ஓடையில் விட்டேன், இந்நேரம் கடல் சேர்ந்திருக்கும். இனி இந்த ஜன்மத்தில் தென்றல் இல்லை என்று முருகன் படத்தின் முன் சத்தியம் செய்துவிட்டேன். இதை அவளிடம் படித்துக்காட்டுங்கள். அலமேலு அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் என்றும் அணையாதிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முத்துக்கருப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சின்னனிடமிருந்து கடிதம். பிரெஞ்சில் இருக்கிறது, தமிழில் சொல்கிறேன்: "வெட்கத்தில் கோபித்துக்கொண்டேன். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம், சரியாகத் தூங்கியதில்லை. உங்கள் வீட்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினாள். பாதிதான் கேட்டேன். என் மகனும் உங்கள் மகளும் தூங்கவே இல்லையாம், நாங்கள் எழுந்திருக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்களாம். ஞாயிறு வருகிறோம். முதலில் தட்டை மாற்றிவிடுவோம், பிறகு பெட்டியைப் போடுங்கள்." ஆகவே மேலே எழுதிய சத்தியத்தைச் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். சுரினாம் கரும்புத் தோட்ட ஓரமெல்லாம் வெட்டிவேர் வளர்கிறதாமே, தெய்வானை வரும்போது இரண்டு கட்டு கொடுத்தனுப்புங்கள். எதற்கென்று அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். கோவிந்தம்மாவிடம் மட்டும் சொல்லிவையுங்கள், பஸ் புறப்பட்ட பிறகு அவள் அம்மாவிடம் சொல்லிக்கொள்வாள்.